கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் தெரியாமல் ஒரு தொழில்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது என் வீட்டு டிரைவ்வேயில் வாடிக்கையாளர் ஒருவருடைய கறுப்பு ஹோண்டா நின்றிருந்தது. பானட்டில் பாதிக்குப் பாலிஷ் போட்டிருந்தேன்; மறுபாதி பாக்கி. கையைத் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்தேன். எங்கள் குடியிருப்பின் எச்.ஓ.ஏ., அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், தன் நிர்வாக நிறுவனத்தின் மூலம் அனுப்பிய அறிவிப்பு அது. வீடு வாங்கும்போது ஒப்புக்கொண்ட பத்திரக் கட்டுப்பாடுகளில் உள்ள ஒரு விதியை நான் மீறுகிறேன் என்றும், 30 நாட்களுக்குள் விசாரணை கேட்கலாம் என்றும், மீறல் தொடர்ந்தால் அபராதம் விதிக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். விதியின் வாசகமும் கீழே இருந்தது. வீட்டில் நடக்கும் எந்தத் தொழிலும் வெளியிலிருந்து பார்வையாலோ ஒலியாலோ மணத்தாலோ அறியத்தக்கதாக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். டெக்சஸில் இத்தகைய குடியிருப்புகளில் வீடு வாங்கிய பலர், இதே வாசகம் கொண்ட தாள்களில் படிக்காமலேயே கையெழுத்திட்டிருப்பார்கள். 2011இல் நானும் அப்படித்தான் கையெழுத்திட்டேன். ஆனால் அன்று டிரைவ்வேயில் நின்றபடி அதைப் படித்தபோது, தொழில் செய்யக் கூடாது என்று அது சொல்லவில்லை என்பதுதான் முதலில் உறைத்தது. செய், ஆனால் செய்வது தெரியாமல் செய் என்கிறது. அந்த வாக்கியம் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக என்னை விடவில்லை. அதைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்து இதற்குள் இரண்டு முறை மாறிவிட்டது.

நான் கரூரில் பிறந்தவன். பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. எங்கள் தெருவில் பட்டறை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்வது கடினம். பள்ளி விட்டு வரும்போது, தகரத்தின் மேல் பட்டி பார்த்து, உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, விரல் நுனியால் தடவிப் பார்த்து, மறுபடியும் தேய்ப்பவர்களை நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும் என்று அங்கிருந்த பெயிண்டர் அண்ணன் ஒருவர் சொல்வார். நான் படித்ததோ பொறியியல்; 2006இல் ஹூஸ்டனுக்கு வந்து எண்ணெய்க் குழாய் வடிவமைக்கும் வேலையில் பதினான்கு ஆண்டுகள் இருந்தேன். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் விலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. மே மாதத்தில் எனக்கு வேலை போயிற்று. அதற்கு முன்பே கிரீன் கார்டு கைக்கு வந்திருந்தது என் நற்பேறு. எச்-1பி விசாவில் இருந்திருந்தால் சொந்தத் தொழிலைப் பற்றி நினைத்தே பார்த்திருக்க முடியாது. அந்தக் கோடையில் சும்மா இருக்க முடியாமல் என் பழைய காரைத் துடைத்துப் பாலிஷ் போட்டேன். அதைப் பார்த்த நண்பர் ஒருவர் தன் காரையும் கொண்டுவந்தார். அடுத்து அவருடைய அலுவலக நண்பர் வந்தார். ஆகஸ்டில் 300 டாலர் கட்டி எல்.எல்.சி., அதாவது வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்தேன். வாடிக்கையாளர்களின் வண்டிகள் என் பொறுப்பில் இருக்கும்போது சேதமானால் ஈடுகட்டும் காப்பீடு தனியாக எடுத்தேன், ஏனென்றால் வீட்டுக் காப்பீடு தொழிலைக் காக்காது. எல்லாம் முறையாகச் செய்தேன். பத்திரக் கட்டுப்பாடுகளை மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை.

இந்த வேலையைக் கார் கழுவுவது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை, கழுவுவதும் வேலைதான். ஆனால் டீட்டெய்லிங்கில், அதாவது வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் இந்தத் தொழிலில், கழுவுவது முதல் படி மட்டுமே. இரண்டு வாளிகள் வேண்டும்: ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றொன்றில் கையுறையை அலசும் தண்ணீர். ஒரே வாளியாக இருந்தால், எடுத்த மணலையே திரும்ப வண்டியின் மேல் தேய்ப்போம். பிறகு சக்கரங்களில் இரும்புத் துகள் நீக்கியை அடிக்கிறோம். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய துகள்களோடு அது வினைபுரிந்து ஊதா நிறமாக வழிந்து இறங்கும். அழுகிய முட்டையின் வாடை வரும். அடுத்தது கிளே கட்டி. வழுக்குத் திரவம் தெளித்து அதை நழுவ விட்டால், பெயிண்டில் குத்தி நிற்கும் நுண்ணிய அழுக்கைப் பிடுங்கி எடுத்துவிடும். அதற்குப் பிறகே பாலிஷ் இயந்திரம். நாம் தேய்ப்பது பெயிண்டை அல்ல, அதற்கு மேலுள்ள கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சை. அது ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான் தடிமன், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. அதில் எத்தனை மைக்ரானை எடுக்கலாம் என்பதை மானி காட்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கைதான் சொல்லும். ஹூஸ்டனில் மார்ச் மாதம் ஓக் மரங்களின் மகரந்தம் மஞ்சளாக மூடும். மே மாதத்திலும் செப்டம்பரிலும் லவ்பக் பூச்சிகள் வண்டியின் முகப்பில் மோதிச் சாகும். வெயிலில் ஓரிரு நாள் விட்டால் அவற்றின் உடல் திரவம் பெயிண்டையே அரித்துவிடும். கோடையில் தகடு சூடேறிவிட்டால் சோப்பு காய்ந்து கறையாகும் என்பதால் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுவேன். கிழக்கு பார்த்த வீடு எங்களுடையது. ஒன்பது மணிக்குள் வெளி வேலை முடிந்தாக வேண்டும். இந்த ஆறு மணி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

பதினோரு புகைப்படங்கள்

விசாரணை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 209ஆம் அத்தியாயம் அந்த உரிமையைத் தருகிறது. 2021இல் வந்த திருத்தத்தின்படி, விசாரணைக்குப் பத்து நாட்களுக்கு முன்பே சங்கம் தன் கையில் உள்ள ஆவணங்களையும் படங்களையும் நமக்கு அனுப்பிவிட வேண்டும். அப்படி வந்த கட்டில் பதினோரு புகைப்படங்கள் இருந்தன. நிர்வாக நிறுவனத்தின் ஆய்வாளர் மாதம் ஒருமுறையோ இருமுறையோ தெருவழியே மெதுவாகக் காரோட்டிப் போவார். புல் உயரமாக வளர்ந்திருந்தாலும் குப்பைத் தொட்டி வெளியே நின்றாலும் படம் எடுப்பார். அவர் கார் சன்னலிலிருந்து எடுத்த படங்கள்தான் இவை. வாளி ஒரு படத்தில், குழாய் ஒரு படத்தில், ஒரே நேரத்தில் நின்ற மூன்று வண்டிகள் ஒரு படத்தில். ஒன்பதாவது படத்தில் நான் இருந்தேன். மண்டியிட்டு, ஒரு சக்கரத்தின் உட்புறத்தைத் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. படத்தின் மூலையில் தேதியும் நேரமும். வேலை செய்யும் என்னை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. விதிமீறலுக்குச் சான்று என்னும் தலைப்பின் கீழ் அதைப் பார்க்க நேர்ந்தது.

அன்றிரவு எனக்கு வந்த கோபம் எளிதில் அடங்குவதாக இல்லை. எங்கள் தெருவில் பெருந்தொற்றுக் காலத்திலிருந்து பாதி வீடுகளில் யாராவது ஒருவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். மாடி அறையில் திரை போட்டுக்கொண்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு நாளில் நான் ஒரு வாரத்தில் ஈட்டுவதை ஈட்டுகிறார்கள். அதுவும் வீட்டில் நடக்கும் தொழில்தான், ஆனால் அது வெளியே தெரியாது. கையால் செய்யும் வேலைக்குத் தண்ணீரும் இடமும் வெளிச்சமும் தேவை. அது மறைவாக நடக்க முடியாது. ஆகவே விதி எல்லோருக்கும் பொதுவான சொற்களில் எழுதப்பட்டிருந்தாலும், அது வடிகட்டி நிறுத்துவது ஒரு வகை உழைப்பை மட்டுமே என்று எனக்குத் தோன்றியது. சட்டத்தைத் தேடித் தேடிப் படித்தேன். 2018இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் டார் என்பவருக்கும் டிம்பர்வுட் பார்க் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், சான் அன்டோனியோவில் தன் வீட்டைச் சில நாட்கள் வீதம் வெளியாட்களுக்கு வாடகைக்கு விட்டவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தங்குபவர்கள் அங்கே உண்டு உறங்கி வாழ்கிறார்கள், ஆகவே அது குடியிருப்புப் பயன்பாடுதான் என்பது அதன் உள்ளடக்கம். 2019இல் சட்டமன்றம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் வீட்டு முன்றிலில் எப்போதாவது எலுமிச்சைச் சாறு விற்பதை எந்த வீட்டு உரிமையாளர் சங்கமும் தடுக்கக் கூடாது என்று தனிச் சட்டமே இயற்றியது. குழந்தையின் குவளைக்கு இருக்கும் பாதுகாப்பு என் வாளிக்கு இல்லையே என்று அன்று மனம் பொருமினேன்.

அதோடு நிற்கவில்லை. விசாரணையில் வைப்பதற்காக ஒரு பட்டியல் எழுதினேன். மூன்றாவது தெருவில் பரதநாட்டியம் சொல்லித் தரும் அக்கா ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமைகளில் அவர் வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கும். தட்டுக்கழியின் ஓசை தெருவுக்குக் கேட்கும். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். பின்தெருவில் ஒருவர் கேக் செய்து விற்கிறார். வெள்ளிக்கிழமை மாலையில் அந்த வழியே நடந்தால் வெண்ணெய் மணம் வரும். கண், காது, மூக்கு என்ற மூன்றும் இந்த இரண்டு வீடுகளிலேயே அகப்பட்டுவிடும். விதி ஒன்றென்றால் எல்லோருக்கும் பொருந்த வேண்டாமா என்று கேட்பதற்காக, வீட்டு எண்களோடு எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளை என் மனைவி மேசையில் பார்த்தாள். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஏனுங்க, அந்தக்கா ஊட்டைக் காட்டிக்குடுத்துத்தான் நாம பொழைக்கோணுமா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன். கிழித்துப் போட்டாலும், அந்தப் பட்டியலை எழுதும் அளவுக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது எது என்ற கேள்வி நின்றது. வேலியே இல்லாத வீடுகளுக்கு நடுவே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கத் தூண்டும் விதியாக அது இருக்கிறது. சனிக்கிழமை வண்டிகளைப் பார்த்தும் யாரும் படம் எடுக்கவில்லை என்றால், நடனம் கற்றுக்கொள்வது பார்வைக்கு இனிமையாக இருக்கிறது, ஒருவன் மண்டியிட்டுச் சக்கரம் தேய்ப்பது அப்படி இல்லை என்பதுதான் காரணம். இன்றும் என் எண்ணம் அதுவே.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புகார் கொடுத்தவர் யார் என்று சங்கம் சொல்லாது. எதிர்வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்தான் கொடுத்திருப்பார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, இரண்டு மாதங்கள் அவருக்குக் கை அசைப்பதை நிறுத்திவிட்டேன். புகாரே வரவில்லை, ஆய்வாளர் தானாகக் கண்டு எழுதியது என்று விசாரணையில்தான் தெரிந்தது. அந்த இரண்டு மாதங்களில் அவருக்குக் கண் அறுவை நடந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

ஜூன் மாதத்தில் ஒரு மாலை, நீச்சல் குளத்தை ஒட்டிய கூடத்தில் விசாரணை நடந்தது. நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். ஊதியமில்லாமல் பொறுப்பேற்றிருக்கும் அண்டைவீட்டார்கள்தான் அவர்கள். சட்டப்படி சங்கத்தின் பிரதிநிதி முதலில் பேச வேண்டும். அவர் பதினோரு படங்களையும் வரிசையாகக் காட்டினார். பிறகு நான் பேசினேன். தயாரித்து வைத்திருந்ததைப் படித்தேன்: காப்பீடு, பதிவு, ஒரு நேரத்தில் இரண்டு வண்டிக்கு மேல் எடுப்பதில்லை என்னும் உறுதி, டார் வழக்கு, உழைப்பின் கண்ணியம். ஐந்து பேரும் மரியாதையாகக் கேட்டார்கள். நான் முடித்ததும், கடைசியில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், வண்டி கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். சாக்கடைக்கு என்றேன். எந்தச் சாக்கடைக்கு என்றார். தெருவோரத்தில் இருக்கிறதே, அதற்கு என்றேன். அது எங்கே போகிறது என்றார். எனக்குத் தெரியவில்லை. பதினான்கு ஆண்டுகள் குழாய்களில் எது எங்கிருந்து எங்கே போகிறது என்று கணக்கிட்டவன் நான். அந்தக் கூடத்தில் அன்று பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

விசாரணை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டின் முன்னால் உள்ள மழைநீர் வாயிலருகே நின்றேன். அதன் மேல் சிமெண்டில் ஒரு சிறு வட்டத் தகடு பதித்திருக்கிறார்கள். மீன் படம் போட்டு, எதையும் கொட்டாதீர்கள், இது நீர்நிலைக்குச் செல்கிறது என்று எழுதியிருந்தது. பதினோரு ஆண்டுகளாக அதன் மேல் கால் வைத்து நடந்திருக்கிறேன். அமெரிக்காவில் இரண்டு வகை வடிகால் உண்டு என்பது பலருக்குத் தெரியும், எனக்கும் ஏட்டளவில் தெரியும். சமையலறை, குளியலறைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. தெருவில் ஓடும் தண்ணீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஓடைக்குப் போகிறது. எங்கள் பகுதியில் அது பார்க்கர் நீர்த்தேக்க நிலத்துக்குள் வடிந்து, அங்கிருந்து பஃபலோ பயூ என்னும் ஓடை வழியாக ஹூஸ்டன் நகரத்தின் நடுவே ஓடி, கப்பல் கால்வாயில் கலந்து, கால்வெஸ்டன் விரிகுடாவை அடைகிறது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது பார்க்கர் தேக்கம் நிரம்பிப் பின்னோக்கி ஏறிப் பல குடியிருப்புகளை மூழ்கடித்ததை நேரில் பார்த்தவன் நான். எங்கள் தெருவில் தபால்பெட்டிகளின் கால் வரை தண்ணீர் நின்றது. தெருவும் தேக்கமும் ஒரே தண்ணீர்தான் என்பதை அப்போதே கண்டிருக்கிறேன். இருந்தும் என் வாளியை அதனோடு சேர்த்துப் பார்க்கவில்லை. விரிகுடாவிலிருந்து வரும் இறாலைத்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்குகிறோம்.

அன்றிரவு விதிகளை மறுபடியும் படித்தேன், இம்முறை சங்கத்தின் விதிகளை அல்ல. 1972இன் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் வந்த மழைநீர் விதிமுறைகளில், வீட்டுக்காரர் தன் வண்டியைத் தானே கழுவும் தண்ணீர், பொதுவாக அனுமதிக்கப்படும் வகைகளில் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. காசுக்காகப் பிறர் வண்டியைக் கழுவும் தண்ணீருக்கு அந்தச் சலுகை இல்லை. அதே வாளி, அதே சோப்பு, அதே டிரைவ்வே. முதலில் இதுவும் அநியாயமாகத்தான் பட்டது. பிறகு கணக்குப் போட்டேன். என் சொந்தக் கார் என்றால் மாதம் ஒருமுறையோ இருமுறையோ. வாடிக்கையாளர் வண்டிகள் வாரத்துக்கு எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய நாற்பது கேலன். ஆண்டுக்குப் பதினாறாயிரம் கேலனுக்கு மேல். அதில் பிரேக் தூளின் செம்பும் இரும்பும், இயந்திரத்தின் எண்ணெயும், அந்த ஊதா நிறத் திரவமும் கலந்திருக்கின்றன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக அவ்வளவையும் மீன் படம் போட்ட அந்த வாயிலில் இறக்கியிருக்கிறேன். பதினோரு புகைப்படங்களில் ஒன்றுகூட இதைக் காட்டவில்லை. அறிவிப்பில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. விதியில் கண், காது, மூக்கு உண்டு, தண்ணீர் இல்லை. உண்மையான கேடு நடந்த இடத்தை விட்டுவிட்டு, பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் அந்த விதி பிடித்துக்கொண்டிருந்தது. நானும் என் வாதத்தில் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது அடி விழுந்தது. பக்கத்து வீட்டில் இரவுப் பணி செய்யும் செவிலியர் ஒருவர் இருக்கிறார். குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது அவரைப் பார்த்து, ஏப்ரலிலிருந்து நடந்ததைச் சொன்னேன். அவர் தயங்கிவிட்டு, தான் புகார் எதுவும் கொடுக்கவில்லை என்றும், ஆனால் காலை ஏழரைக்கு வீடு திரும்பிப் படுக்கும்போது என் வேக்குவம் இயந்திரம் தொடங்கும் என்றும், ஜன்னலில் போர்வை மாட்டிப் பார்த்ததாகவும் சொன்னார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் வேலையிழந்து தொடங்கிய தொழில் என்று தெரியும், அதனால் சொல்ல மனம் வரவில்லை என்றார். வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று ஆறு மணிக்குத் தொடங்கிய என் ஒழுங்கு, அவருடைய உறக்கத்தை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தின்றிருக்கிறது.

எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னது

கண் அறுவையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எதிர்வீட்டுக்குப் போனேன். கை அசைக்காமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கவனிக்கவே இல்லை என்றார், அது பெருந்தன்மைதான் என்று நினைக்கிறேன். பேச்சு இந்த விதிக்கு வந்தது. அவர் விதியின் பக்கம். காரணத்தைச் சொன்னபோது என்னால் எளிதில் மறுக்க முடியவில்லை. அவர் முன்பு ஹூஸ்டன் நகருக்குள் இருந்தவர். எங்கே வீடு, எங்கே கடை என்று நிலத்தைப் பிரித்து வைக்கும் நில மண்டல ஒழுங்கு, அமெரிக்காவின் பெருநகரங்களில் இல்லாத ஒரே நகரம் ஹூஸ்டன். 1948, 1962, 1993 என மூன்று முறை மக்கள் வாக்கெடுப்பில் அதை நிராகரித்திருக்கிறார்கள். ஆகவே அங்கே வீட்டுக்குப் பக்கத்தில் எது வரும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பத்திரக் கட்டுப்பாடுகள்தான். அவற்றை நடைமுறைப்படுத்த நகரத்தின் சட்டத் துறையே வழக்குத் தொடுப்பதும் உண்டு. அவர் இருந்த தெருவில் கட்டுப்பாடுகள் காலாவதியாகிவிட்டனவாம். பக்கத்து வீட்டில் முதலில் ஒரு கார் வந்தது, பிறகு புல்வெளியில் ஆறு கார்கள், பிறகு இரவிலும் டயர் கழற்றும் ஓசை. வீட்டை விற்க இரண்டு ஆண்டுகள் ஆயிற்று. இந்த வீடுதான் தன்னுடைய முழுச் சேமிப்பு என்றார். நீ நல்லவன், ஆனால் விதி உன்னை மட்டும் பார்த்து எழுத முடியாது, உனக்குப் பின் வருபவனையும் பார்த்து எழுத வேண்டும் என்றார்.

அவர் சொன்னதை நான் ஏற்கிறேன். ஆனாலும் பத்திரக் கட்டுப்பாடு என்பதற்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவெங்கும் எழுதப்பட்ட பத்திரங்கள் பலவற்றில், வெள்ளையர் அல்லாதோர் இங்கே குடியிருக்கக் கூடாது என்ற வரி இருந்தது. 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில்தான், அத்தகைய வரிகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் குடியிருப்பு இந்த நூற்றாண்டில் கட்டப்பட்டது. அப்படி எந்த வரியும் இதில் இல்லை. எங்கள் விதியை எழுதியவர்களின் மனத்தில் அது இருந்தது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் யார் இருந்தால் வீட்டின் மதிப்புக் குறையும் என்று கேட்டுப் பழகிய ஒரு கருவி இது. ஆகவே, எதைப் பார்த்தால் மதிப்புக் குறையும் என்று அது கேட்கும்போது, நின்று யோசிக்கும் கடமை நமக்கு இருக்கிறது. ஓசை உறக்கத்தைக் கெடுக்கிறது, கழிவு ஓடையைக் கெடுக்கிறது, ஆறு கார்கள் தெருவை அடைக்கின்றன. ஒருவன் தன் வாசலில் வியர்க்க வேலை செய்வதைப் பார்ப்பது யாருடைய எதைக் கெடுக்கிறது? இதை நான் பெரியவரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். எந்தக் கையெழுத்து என்பதைச் சொல்கிறேன்.

ஒரு சொல்லை எடுப்பதற்கு

குழுவின் முடிவு ஜூலையில் வந்தது. அபராதம் இல்லை, ஒரு நேரத்தில் ஒரு வண்டி, மூடிய கராஜுக்குள், டிரைவ்வேயில் கழுவக் கூடாது. நியாயமாக நடந்துகொள்ள அவர்கள் முயன்றார்கள் என்றே எழுத விரும்புகிறேன். ஆனால் ஆகஸ்டு மாத ஹூஸ்டனில் கதவு மூடிய கராஜில் நின்று பாருங்கள். வெப்பமானி 41 டிகிரியைக் காட்டியது. இரும்பு நீக்கியின் ஆவி போக வழியில்லை. இரண்டு வாரம் தாக்குப்பிடித்தேன். மூன்றாவது வாரம் ஒரு மதியம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். மகள் தண்ணீர் கொண்டுவந்து கதவைத் திறந்துவிட்டாள். அதன்பின் பழைய வேன் ஒன்றை வாங்கி, ஐம்பது கேலன் தொட்டி பொருத்தி, அலுவலக வளாகங்களுக்கே போய்ச் செய்யத் தொடங்கினேன். இப்போது பெரும்பாலும் அலசத் தேவையில்லாத முறைதான்: இரண்டு கேலன் தண்ணீரில் ஓர் அவுன்ஸ் திரவம், ஒரு கட்டு மைக்ரோஃபைபர் துண்டுகள், தரையில் ஓட்டமே இல்லை. மிஞ்சும் அழுக்குத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்து கழிப்பறையில் ஊற்றுகிறேன். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். சேறு அதிகமான வண்டியென்றால் கடையில் கழுவிக்கொண்டு வரச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியைக்கு இதை எழுதித் தெரிவித்தேன். இரண்டு வரியில் நன்றி சொல்லிப் பதில் எழுதினார்.

தொழிலின் பெயர் எழுதிய வண்டியை இரவில் வெளியே தெரியும்படி நிறுத்தக் கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது. அதனால் காந்தத் தகட்டில் பெயர் அச்சிட்டு வைத்திருக்கிறேன். காலையில் குடியிருப்பின் வாயிலைக் கடந்ததும் வண்டியை ஓரங்கட்டி இருபுறமும் ஒட்டுகிறேன்; மாலையில் அதே இடத்தில் நிறுத்திக் கழற்றுகிறேன். தொழில் நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் நாள்தோறும் இருமுறை அந்தத் தகட்டைக் கையில் பிடிக்கும்போது, அந்த ஒன்பதாவது புகைப்படம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

ஆகவே விதியை மாற்ற முயல்கிறேன். டெக்சஸ் சட்டப்படி, பத்திரம் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தாலொழிய, மொத்த வாக்குகளில் 67 விழுக்காடு வேண்டும். எங்களிடம் 412 வீடுகள். அதாவது 277 கையெழுத்துகள். நான் எழுதிய திருத்தம் சிறியது. ஒலியும் மணமும் இருக்கட்டும். பார்வை என்னும் சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மழைநீர் வடிகாலில் கழிவு இறங்கக் கூடாது என்று சேர்க்க வேண்டும். பெரியவரின் அச்சத்துக்காக, ஒரு நேரத்தில் வெளியார் வண்டி ஒன்றுக்கு மேல் நிற்கக் கூடாது என்று முதலில் ஒரு வரி வைத்தேன். நாட்டிய வகுப்பு அக்காவின் சனிக்கிழமையை அது அழித்துவிடும் என்பதால், வேலைக்காக விட்டுச்செல்லும் வண்டிகளுக்கு மட்டும் பொருந்தும்படி மாற்றினேன். சனி, ஞாயிறுகளில் வீடு வீடாகப் போகிறேன். சிலர் கதவைத் திறப்பதில்லை. சிலர் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்கிறார்கள். கேக் செய்பவர் படித்து முடிக்கும் முன்பே கையெழுத்திட்டார். போன மாத இறுதியில் எண்ணிக்கை 61 ஆகியிருந்தது.

அறுபத்திரண்டாவதாகப் பக்கத்து வீட்டுச் செவிலியரிடம் போனேன். பகல் மூன்று மணி, அவர் எழுந்திருக்கும் நேரம். வாசலிலேயே நின்று முழுவதையும் படித்தார். ஒலி என்றால் எவ்வளவு ஒலி, எந்த நேரத்தில் என்று இதில் இல்லையே என்றார். பேனாவை வாங்கி ஓரத்தில் எழுதினார்: இயந்திர ஓசை பிற்பகல் இரண்டு மணிக்குப் பின், மாலை ஏழு மணிக்கு முன். இது இருந்தால் போடுகிறேன் என்றார். அந்த வரி சரியான வரி. நானே எழுதியிருக்க வேண்டிய வரி. ஆனால் வாசகம் மாறிவிட்டால் முன்பு வாங்கிய 61 கையெழுத்துகளும் செல்லாது. அன்றிரவு புதிய வாசகத்தை அச்சடித்து வைத்துவிட்டேன். வரும் சனிக்கிழமை தெருவின் முதல் வீட்டிலிருந்து மறுபடியும் தொடங்குகிறேன்.